சாவிக்கொத்திலிருந்து சாக்பீஸுக்கு

சாயங்காலம் ஆறு மணி நெருங்கினா எனக்குள்ள இன்னமும் ஒரு கணக்கு ஓடும். அது லாக்கப் நேரம். பிளாக் வாரியா ஆட்களை எண்ணி, நேற்றைய எண்ணிக்கையோடு இன்று வந்தவர்களைக் கூட்டி, கோர்ட்டுக்குப் போனவர், ஆஸ்பத்திரியில் இருப்பவர், விடுதலையானவர் எல்லாரையும் கழித்து, வரவேண்டிய எண்ணும் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். ஒரு ஆள் குறைந்தால் முழு ஜெயிலும் நிற்கும். 21 வருஷம் அப்படிப் பழகினவன் நான். 1998ல் உதவி சிறை அலுவலராகச் சேர்ந்து, 2019ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது ஒரு கல்லூரியில் குற்றவியலும் குற்றவியல் நீதி நிர்வாகமும் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் நான் செய்தது, கதவருகே நின்று எண்ணியதுதான். முப்பத்தெட்டு. எண்ணி முடித்து, வருகைப் பதிவேட்டில் "38" என்று எழுதி மூடிவிட்டேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு மாணவி, "சார், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி அதற்கப்புறம் என்னை விடவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

"சிறை வேலையில் இருந்தவன் பாடம் நடத்த வந்தா என்ன லாபம், என்ன நஷ்டம்?" என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். சிலர் இதே மாதிரி வர நினைக்கும் அதிகாரிகள், சிலர் மாணவர்கள். அதற்கான பதிலாக இந்தக் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

வேலை கற்றுத்தந்தது

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜெயில் என்றால் மதில், பூட்டு, லத்தி. உள்ளே வேலை பார்த்தவனுக்குத் தெரியும், அது மூன்றையும் வைத்து ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. ஒரு பிளாக்கில் நூறு பேர் இருப்பார்கள், ஒரு காவலர் இருப்பார். அந்த நூறு பேரும் "மாட்டோம்" என்று உட்கார்ந்துவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சோறு சமைப்பதும் பரிமாறுவதும் பெருக்குவதும் பெரும்பாலும் கைதிகள்தான். ஆக, சிறை என்பது ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் ஓயாத பேரம். காவலர் சின்னச் சின்ன விஷயங்களைக் கண்டும் காணாமல் விடுவார், பதிலுக்கு பிளாக் அமைதியாக இருக்கும்.

இதை நான் அனுபவமாக மட்டுமே வைத்திருந்தேன். 44 வயதில் முதுகலைத் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் கிரெஷம் சைக்ஸ் எழுதிய 'தி சொசைட்டி ஆஃப் கேப்டிவ்ஸ்' கைக்கு வந்தது. 1958ல் வந்த புத்தகம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சிறையில் செய்த ஆய்வு. முழு அதிகாரம் இருப்பதாகத் தோன்றும் காவலரின் அதிகாரம் எப்படி ஓட்டை ஒடிசலாக இருக்கிறது, எப்படி அது நட்பால், கொடுக்கல் வாங்கலால், வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைதிகளிடமே விட்டுவிடுவதால் கரைந்துபோகிறது என்று அவர் பிரித்து எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நான் பிறப்பதற்கு முன்பே, நான் பார்த்திராத ஒரு நாட்டில், என் பிளாக்கைப் பற்றி ஒருத்தர் எழுதியிருக்கிறார். வேலையில் சேர்ந்த வருஷமே இதைப் படித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

இதுதான் லாபம். சைக்ஸ் பாடத்தை நடத்தும்போது, "காவலர் ஏன் கண்டுகொள்ளாமல் விடுகிறார்?" என்று கேட்டால் மாணவர்கள் "லஞ்சம்" என்று உடனே சொல்வார்கள். லஞ்சமும் உண்டுதான். ஆனால் அது இல்லாத இடத்திலும் இது நடக்கிறது, காரணம் வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது என்று என்னால் காட்ட முடியும். மனு நேரத்தில் (கைதியைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருவதை எங்கள் பக்கம் 'மனு' என்போம்) கம்பி வலைக்கு இருபுறமும் ஒரே சமயத்தில் முப்பது பேர் கத்திப் பேசும்போது, நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு அம்மாவிடம் சொல்ல வேண்டிய காவலரின் நிலையைப் புத்தகம் தராது.

வேலை கற்றுத்தராதது

இப்போது நஷ்டக் கணக்கு. இதைச் சொல்லத்தான் உண்மையில் இந்தக் குறிப்பை ஆரம்பித்தேன்.

முதல் செமஸ்டரில் விசாரணைக் கைதிகள் பற்றிப் பாடம். நாட்டின் சிறைகளில் 2022 டிசம்பர் 31 நிலவரப்படி இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. அதாவது நூறு பேர் இடத்தில் 131 பேர். உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர், கிட்டத்தட்ட 76 சதவீதம், விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். இந்த எண்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் உள்ளவை. இன்று வகுப்பில் நான் முதலில் எழுதிப்போடுவது இவற்றைத்தான். அன்றைக்குக் கையில் இருந்தது அதற்கு முந்தைய அறிக்கை. எண்கள் வேறு, கதை அதேதான்.

அடுத்தது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436ஏ என்று ஒரு பிரிவு. 2005ல் கொண்டுவந்த திருத்தம், 2006லிருந்து நடைமுறை. ஒருவர் மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை எவ்வளவோ அதில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரை அவருடைய சொந்தப் பிணையிலேயே விடலாம், ஜாமீன்தாரர் இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. தொடர்ந்து உள்ளே வைக்கவேண்டும் என்றால் நீதிமன்றம் காரணத்தை எழுதி வைக்கவேண்டும்.

மாணவர்களுக்குப் புரிய ஒரு கணக்கு போடலாம் என்று நினைத்தேன். திருட்டு, பழைய இந்திய தண்டனைச் சட்டம் 379. அதிகபட்சம் மூன்று வருஷம். பாதி, பதினெட்டு மாதம். உதாரணத்துக்கு ஒரு நிஜமான தேதி இருந்தால் நல்லது என்று என் பழைய டைரிகளை எடுத்தேன். வேலையில் இருந்த நாட்களில் சின்ன டைரி ஒன்றில் அன்றன்றைய வேலைகளைக் குறித்து வைப்பேன்.

2011 டைரியில் ஒரு பதிவு. காலில் ஆறாத புண் இருந்த ஒரு விசாரணைக் கைதியை வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழிக்காவல் கேட்டு எழுதியது. பக்கத்தில் அவருடைய பதிவு எண், 379, உள்ளே வந்த தேதி, "ஜாமீன்தாரர் இல்லை" என்ற குறிப்பு. அந்த ஆளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பழைய இரும்பு பொறுக்கி விற்பவர். பெயில் கிடைத்திருந்தது, ஆனால் கையெழுத்துப் போட இரண்டு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அவரைப் பார்க்க மனுவுக்கு யாருமே வந்ததில்லை, ஜாமீனுக்கு யார் வருவார்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்விட்டுத் திரும்பி வருவார்.

வகுப்புக்காகத் தேதியைக் கழித்தேன். இருபத்தொரு மாதம்.

ஆஸ்பத்திரிக்கு வழிக்காவல் கேட்டு நான் எழுதிய அன்று, அவர் பதினெட்டு மாதத்தைத் தாண்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. சட்டம் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. விசாரணைக் கைதிகள் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. உள்ளே வந்த தேதியும் தெரியும், பிரிவும் தெரியும், இரண்டையும் என் கையாலேயே ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். கழித்துப் பார்க்கத்தான் இல்லை. புண்ணுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மூன்று முறை நினைவூட்டல் எழுதினேன் என்று டைரி சொல்கிறது. அன்றைக்கு அதைப் பெரிய மனிதாபிமானம் என்றுதான் நினைத்திருப்பேன்.

எனக்கு 436ஏ தெரியாதா? பெயர் தெரியும். சுற்றறிக்கையில் பார்த்த ஞாபகம். ஆனால் அது "கோர்ட் விஷயம்", "வக்கீல் விஷயம்". ஜெயிலின் வேலை ஆளைப் பத்திரமாக வைத்து, கேட்கும்போது கோர்ட்டில் நிறுத்துவது. இப்படித்தான் என் மனதில் பிரிந்திருந்தது. சட்டப்படிப் பார்த்தாலும் அந்தப் பிரிவில் சிறை அதிகாரி மனுப் போடவேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. நீதிமன்றம்தான் பார்க்கவேண்டும். நீதிமன்றத்துக்கு முன்னால் கட்டுக்கட்டாக வழக்குகள். வக்கீல் இல்லாத ஒருவருடைய தேதியை யார் கழித்துப் பார்ப்பது?

2014ல் பீம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்தது. மாஜிஸ்திரேட்டுகளும் மாவட்ட நீதிபதிகளும் வாரம் ஒரு முறை சிறைக்கே போய் உட்கார்ந்து, பாதிக் காலத்தைக் கடந்தவர்களைக் கண்டுபிடித்து அங்கேயே உத்தரவு போடவேண்டும், இரண்டு மாதத்துக்கு இதைச் செய்யவேண்டும் என்றது. 2023 ஜனவரியில் இன்னொரு உத்தரவு: பெயில் கிடைத்தும் ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்கவேண்டும். 2024 ஜூலை 1லிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479வது பிரிவு அதற்கும் மேலே போனது. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் பாதிகூட வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். முக்கியமாக, அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கவேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஒருவர் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. வகுப்பில் அதிகம் விவாதம் நடப்பது இதைப் பற்றித்தான்.

சுருக்கமாகச் சொன்னால், "அது என் வேலை இல்லை" என்று 2011ல் நான் நினைத்தது இன்று சட்டப்படியே என் வேலை. பாடம் நடத்த வராமல் இருந்திருந்தால் அந்த டைரியைத் திறந்திருக்கவே மாட்டேன்.

முன்னால் இந்தப் பாதையில் வந்தவர்கள்

சிறையிலிருந்து வகுப்பறைக்கு வருவது புதுசு இல்லை. அமெரிக்காவில் டொனால்ட் கிளெம்மர் இல்லினாய் மாநிலத்தின் மெனார்ட் சிறையில் வேலை பார்த்துக்கொண்டேதான் 1940ல் 'தி பிரிசன் கம்யூனிட்டி' எழுதினார். சிறைக்குள் வருபவர் அங்குள்ள பழக்கவழக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிப்போவதற்கு இன்றைக்கும் நாம் சொல்லும் 'பிரிசனைசேஷன்' என்ற சொல் அவர் கொடுத்ததுதான். பின்னாளில் வாஷிங்டன் நகரின் சிறைத் துறைக்குத் தலைவராகவும் இருந்தார். இங்கிலாந்தில் டேவிட் வில்சன் 29 வயதிலேயே சிறை கவர்னர் ஆனவர். 1997ல் வேலையை விட்டுவிட்டுப் பர்மிங்ஹாமில் குற்றவியல் பேராசிரியர் ஆனார்.

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவரும் உண்டு. ஜான் இர்வின் ஆயுதக் கொள்ளை வழக்கில் கலிஃபோர்னியாவின் சோலிடாட் சிறையில் ஐந்து வருஷம் இருந்தவர். வெளியே வந்து படித்து, சான் ஃபிரான்சிஸ்கோவில் பேராசிரியராகி, 1970ல் 'தி ஃபெலன்' எழுதினார். நான் கிளெம்மரை நடத்தும் வாரத்திலேயே இர்வினையும் நடத்துகிறேன். ஒரே கட்டடத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கவேண்டும் இல்லையா?

இதில் ஒரு எச்சரிக்கைக் கதையும் இருக்கிறது. 1968ல் அமெரிக்க அரசு, காவல் துறை மற்றும் சிறைத் துறை ஆட்கள் கல்லூரிப் படிப்பு படிக்கப் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பணம் வந்ததும் கல்லூரிகளில் குற்றவியல் நீதிப் படிப்புகள் மளமளவென்று முளைத்தன. பாடம் நடத்த ஆள் வேண்டுமே? ஓய்வுபெற்ற அதிகாரிகளைக் கூட்டி வந்தார்கள். பலர் பாடத்தை விட்டுவிட்டுத் தங்கள் வீரக்கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1978ல் லாரன்ஸ் ஷெர்மன் எழுதி வெளியான ஓர் அறிக்கை இந்தப் படிப்புகளைக் கடுமையாக விமர்சித்தது. கல்வி என்ற பெயரில் தொழிற்பயிற்சி நடக்கிறது, ஆசிரியர்களைப் படிப்பைப் பார்க்காமல் வேலை அனுபவத்தைப் பார்த்தே எடுக்கிறார்கள் என்பது அதன் சாரம்.

நான் அந்த வீரக்கதை ஆளாகத்தான் ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் வகுப்பு கலகலப்பாக இருந்தது. மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டார்கள். உள்தேர்வு விடைத்தாள் வந்தபோதுதான் தெரிந்தது. "சிறையின் நோக்கங்கள்" என்ற கேள்விக்கு நான் சொன்ன கதைகளையே எழுதி வைத்திருந்தார்கள். கோட்பாடு ஒன்றுகூட இல்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை.

அனுபவம் எங்கே ஏமாற்றும்

"ஜெயிலுக்கு வந்தவன் திருந்த மாட்டான் சார், திரும்பத் திரும்ப வருவான்." இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வேலையில் இருக்கும் எல்லாருமே சொல்வார்கள், நேர்மையாகத்தான் சொல்வார்கள். ஆனால் இதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது.

ஒரு நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேரும் ஒரு முறை உள்ளே வந்து போனார்கள். அதில் தொண்ணூறு பேர் திரும்ப வரவே இல்லை. பத்துப் பேர் மட்டும் ஆளுக்கு ஐந்து முறை மறுபடி வந்தார்கள். மொத்த வருகை 150. அதில் அந்தப் பத்துப் பேருடையது மட்டும் 60. அதாவது வாசலில் நிற்கும் என் கண்ணுக்கு, உள்ளே வருவதில் நூற்றுக்கு நாற்பது 'பழைய முகம்'. முகம் தெரியும், பேசிப் பழக்கம், பட்டப்பெயர்கூடத் தெரியும். திரும்பி வராத தொண்ணூறு பேர் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. ஆட்டோ ஓட்டுகிறார்களோ, தறி நெய்கிறார்களோ! பத்து சதவீதத்தை வைத்து நூறு சதவீதத்தை எடை போட்டுவிடுகிறேன்.

இதே பிழையை மருத்துவத்தில் பேட்ரிஷியா கோஹன், ஜேக்கப் கோஹன் இருவரும் 1984ல் விளக்கினார்கள். குணமாகாத நோயாளியையே மருத்துவர் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் நோய் எல்லாருக்கும் தீராதது என்று நினைத்துவிடுகிறார் என்றார்கள். சிறை அதிகாரிக்கு இது இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். இந்த நூறு பேர் கணக்கை நான் கரும்பலகையில் போட்ட அன்று, என்னுடைய 21 வருஷ ஞானத்தில் பெரிய பங்கை நானே அழித்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். ஒரு கதை சொன்னால் அதே வகுப்பில் அதற்கான புள்ளிவிவரத்தையோ தீர்ப்பையோ காட்டவேண்டும். ஊர், ஆண்டு, வழக்கு எதையும் அடையாளம் தெரியும்படி சொல்லக்கூடாது. தன் வாழ்க்கையின் மோசமான நாளை ஒருவர் என் முன்னால் கழித்தார் என்பதற்காக அது என் சொத்து ஆகிவிடாது. சிரிப்பு வரவைக்கும் கதைகளை ரொம்பக் குறைத்துவிட்டேன், ஏனென்றால் அவற்றில் சிரிக்கப்படுபவர் எப்போதும் கைதிதான்.

"சார், அடிப்பீங்களா?"

எல்லா வருஷமும் இந்தக் கேள்வி வரும். வராத வருஷம் இல்லை.

முதல் வருஷம் சட்டத்தைச் சொல்லித் தப்பித்தேன். 1894ஆம் ஆண்டு சிறைகள் சட்டம் எழுதப்பட்ட வடிவத்தில் சவுக்கடியே ஒரு தண்டனையாக இருந்தது, முப்பது அடிக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். அதிலிருந்து 1979க்கு வருவேன். டெல்லி திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா என்ற கைதி, பக்கத்தில் இன்னொரு கைதியை வார்டர் ஒருவர் பணம் கேட்டுச் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. சிறைக்குள் போனதால் ஒருவரின் அடிப்படை உரிமைகள் அத்தனையும் போய்விடாது என்பதை உறுதியாகச் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று. நல்ல பாடம்தான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

இரண்டாம் வருஷம் கேட்ட பையன் விடவில்லை. "சட்டம் சரி சார். நீங்க?"

நான் அடித்ததில்லை. அது உண்மை. ஆனால் அதோடு நிறுத்தினால் பொய் மாதிரி ஆகிவிடும். அடித்த இடத்தில் நின்றிருக்கிறேன். ஒரு முறை, நான் "போதும்" என்று சொன்னது நான்காவது அடிக்குப் பிறகு. அறிக்கை எழுதவில்லை. அடித்தவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், என் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர். இதை வகுப்பில் அப்படியே சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பையன் மட்டும், "எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும் சார்?" என்றான். மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம். மாறுதல் வரும், சக அதிகாரிகள் பேச மாட்டார்கள், இரவுப் பணியில் உதவிக்கு ஆள் வராது. சைக்ஸ் சொன்ன கைதிகளின் சமூகம் மாதிரியே அதிகாரிகளின் சமூகமும் இருக்கிறது, அதற்கும் எழுதப்படாத சட்டம் இருக்கிறது என்பது அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்த மாதிரி வேறு எந்த நாளும் புரிந்ததில்லை.

டெக்ஸஸ் சிறை ஒன்றில் காவலராக வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்த ஜேம்ஸ் மார்க்வார்ட், அப்படி முழுசாக உள்ளே இறங்கி ஆய்வு செய்வதன் பலத்தையும் பலவீனத்தையும் பற்றி 1986ல் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வகுப்பில் அதைக் கொடுத்தேன்.

வர நினைப்பவர்களுக்கு

நடைமுறை விவரம் கொஞ்சம். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதம் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு), அதோடு நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லை முனைவர் பட்டம் வேண்டும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் எழுத வயது வரம்பு இல்லை. நான் எழுதிய மையத்தில் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து ஒரு பெண் ஹால் டிக்கெட்டை நீட்டினார்! நம் ஊரில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகளே இருக்கின்றன.

பட்டம் இல்லாமல் வர இன்னொரு வாசல் 2022ல் பல்கலைக்கழக மானியக் குழு திறந்த 'ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டீஸ்' முறை. குறைந்தது 15 வருஷ அனுபவம் உள்ள துறை வல்லுநர்கள் முனைவர் பட்டம் இல்லாமலே வரலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஓரிடத்தில் பொதுவாக மூன்று வருஷம், விசேஷக் காரணம் இருந்தால் நான்கு. நிரந்தர வேலை என்று நம்பி வரவேண்டாம். என் யோசனை, அந்த வாசல் வழியாக வந்தாலும் படித்துவிட்டு வாருங்கள். படிப்பு இல்லாமல் நான் வந்திருந்தால் டைரியில் அந்த வரியைப் பார்த்திருப்பேன், கழித்துப் பார்த்திருக்க மாட்டேன்.

போன வருஷம் மாணவர்களை அனுமதி வாங்கி ஒரு சிறைக்கு அழைத்துப் போனேன். வாசலில் என்னைத் தெரிந்த ஒரு தலைமைக் காவலர், "ஐயா, நீங்க ஆபீஸ் வழியா வாங்க" என்றார். வேண்டாம் என்று மாணவர்களோடு வரிசையில் நின்றேன். பக்கத்திலேயே மனு வரிசை. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், பிளாஸ்டிக் பையில் பிஸ்கட் பாக்கெட்டும் சோப்பும். அந்த இடத்தில் நிழல் கிடையாது. 21 வருஷம் சிறை வாசல்களைக் கடந்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றது அதுதான் முதல் தடவை.

உள்ளே போனதும் ஒரு மாணவி அங்கிருந்த அதிகாரியிடம், "479ல மூணில் ஒரு பங்கு முடிஞ்சவங்க எத்தனை பேர் சார் இருக்காங்க?" என்று நேராகக் கேட்டுவிட்டார். நான் பதறினேன். அவர் சங்கடப்படவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பட்டியலைக் காட்டினார். மூன்று பேர். இரண்டு பேருக்கு மனு கோர்ட்டுக்குப் போய்விட்டது, ஒருவருக்கு அன்றைக்குக் கையெழுத்தாக வேண்டும். அவரைவிட வயதில் மூத்தவன் நான், அந்த நாற்காலியில் இருந்தவன். அவர் செய்வதை நான் செய்யவில்லை.

2011ல் இருந்த அந்த மனிதர் எப்போது வெளியே போனார் என்று டைரியில் இல்லை. தேடலாம் என்று யோசித்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? அவர் பெயரை நான் எங்கேயுமே எழுதவில்லை, எண் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இப்போது ஒவ்வொரு செமஸ்டரும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன். பிரிவு, உள்ளே வந்த தேதி, இதற்கு முன் தண்டனை உண்டா, வேறு வழக்கு உண்டா என்று பத்துக் கற்பனைப் பதிவுகள். யாருக்கு இன்று விண்ணப்பம் போகவேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லவேண்டும். பத்து பதிவுக்கும் நானே பெயர் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று 379, ஜாமீன்தாரர் இல்லை.

வருகைப் பதிவும் இப்போது பெயர் சொல்லித்தான். ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகிறது.